தனிநிலை

புதுவயல் மில்களில் நெல் வேகும் வாடை
வேனுக்குள்ளும் கூடவே வந்தது.
கோட்டையூர் தாண்டியதும்
அதுவும் இறங்கிக்கொண்டது.

மிசாவுக்குச் சாட்சி வேண்டாம்.
ஆனாலும் அந்த இன்ஸ்பெக்டருக்கு ஒரு ருசு வேண்டியிருந்தது.
நாச்சியப்பன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையையும்
ராத்திரியில் சுவரேறிய அரைத்தாள் நோட்டீசையும்
ஒட்டி வைத்து லென்ஸை நகர்த்தினார்.
‘அழைப்பு’ என்ற சொல்லில் வால் முறிந்த ழ.
‘ஏழை’ என்ற சொல்லிலும்
அதே ழ.

முதலாளி வயிரவன் வியர்த்துக்கொண்டே சொன்னார்:
“கோத்தது சாத்தையா. எனக்கு ஒண்ணும் தெரியாது.”
தெரியாமல் என்ன.
புரூஃபில் விட்டுப்போன ஒரு ஒற்றை
சிவப்பு மசியில் போட்டுத் தந்ததே அவர்தான்.

திருச்சியில் எட்டுக்கு ஆறு.
அணைக்காத பல்பு.
முதல் மாதம் என்னோடு பேசிக்கொண்டிருந்தேன்.
இரண்டாம் மாதம் எனக்கு நானே அலுத்துவிட்டேன்.
அப்புறம் விரல்கள் தாமாகவே
இல்லாத கேஸில் எழுத்துப் பொறுக்க ஆரம்பித்தன:
வள்ளிக்கு ஒரு கடுதாசி,
கலெக்டருக்கு மனு,
மில்லுக்கு நூறு ரசீது.
கோத்ததையெல்லாம் கலைத்து
அந்தந்த அறையில் திரும்பப் போட்டுவிட்டுத்தான் படுப்பேன்.
நாளைக்கு எழுத்து வேண்டுமே.

கேஸின் ஓரத்தில் ஒரு சின்ன அறை.
பதினாறு வருஷத்தில் நான் அதிகம் தொடாதது.
ஃ.
தனிநிலை என்று அதற்கு இலக்கணத்தில் பெயர்.
முன்னால் ஒரு குறில்,
பின்னால் ஒரு வல்லினம்,
இரண்டுக்கும் நடுவில் தவிர
அது எங்கேயும் உட்கார முடியாது.
சாயங்காலம் பூட்டு விழும் சத்தம்
சுத்தமான வல்லினம்.
மூன்று புள்ளி எனக்கும் உண்டு:
தட்டு, வாளி, நான்.

ஒருநாள் கஞ்சியில் அந்த வாடை.
முகத்தைத் தட்டுக்குள் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.
“என்னய்யா, புழுவா?” என்றார் வார்டர்.
புழுங்கல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
நாக்கு மடங்கவில்லை.
புளுங்கல் என்று விழுந்தது.
அவர் சிரிக்கவில்லை. போய்விட்டார்.
அன்றைக்கு ராத்திரி முழுக்க
வாய்க்குள் அந்த ஒரு எழுத்தை
வளைத்து வளைத்துப் பார்த்தேன்.

பங்குனியில் விட்டார்கள்.
வயிரவன் என் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.
கண்ணைப் பார்க்கவில்லை.
வந்த வேலை ஒரு சித்திரைக் கல்யாணம்.
‘நிகழும் பிங்கள வருஷம்’ வரைக்கும் கை தடுமாறவில்லை.
ழ அறையில் எல்லாம் புதுசு, வெள்ளிக்காசு மாதிரி.
பழையதை ஒன்று விடாமல்
சாக்கில் அள்ளிக்கொண்டு போனார்களாம்.

எதற்கென்று தெரியாமல்
ஃ அறைக்குள் விரலை விட்டேன்.
தூசி. ஒரு பல்லி முட்டைத் தோடு.
நாலைந்து ஃ.
அவற்றுக்கடியில் கறுத்துப்போய்,
வால் முறிந்து,
அது.

யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.
வயிரவன் பேரேட்டிலிருந்து தலை நிமிராமல்,
“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நாலு மணிக்கு வருவாங்க” என்றார்.

அடுத்த வரி
அழைப்பு.
கையில் இரண்டு ழ இருந்தன.