நாலேகால்

ஏரியைப் பார்த்த சரிவில் நான்காம் கண்ணாடிக்கூடம்.
வேடன்ஸ்வில்லில் வெயிலடித்தாலும் மழை பெய்தாலும்
இந்த மொட்டு மலர்வது பின்னேரம் நாலு மணிக்கு.
அதற்கு முன்னே அதன் வாயைப் பிளந்து
ஐந்து மகரந்தப்பைகளையும் சாமணத்தால் கிள்ளிவிட வேண்டும்.
விட்டால், தனக்குத் தானே மாலையிட்டுக்கொள்ளும் சாதி இது.

ரெகுலா அதிசயப்பூ என்கிறாள்.
எனக்கு அந்திமந்தாரை.
சீட்டில் ஓர் எண் மட்டும்.

சிவப்பின் சூல்முடியில் வெள்ளையின் தூள்.
பூவுக்கு ஒரே விதை, சுருங்கிய மிளகு போல.
நூறு பிள்ளை வேண்டுமென்றால் நூறு கல்யாணம்.

முதல் தலைமுறை முழுக்க ரோஜா நிறம்,
பாலில் விட்ட பீட்ரூட் சாறு.
இனி யாராலும் பிரிக்க முடியாதென்று நினைத்தேன்.

மறு ஆண்டு ரோஜாவை ரோஜாவோடு விட்டோம்.
தொண்ணூற்றாறு விதை.
சிவப்பு இருபத்தேழு. ரோஜா நாற்பத்துநான்கு.
வெள்ளை இருபத்திரண்டு, ஒரு கறைகூட இல்லாத வெள்ளை.
மூன்று முளைக்கவேயில்லை.
ஒன்று, இரண்டு, ஒன்று என்ற பங்குக்கு
இவ்வளவு நெருங்கினால் போதுமென்றாள் ரெகுலா.
அப்படியென்றால் அவை கலக்கவே இல்லை;
ஒரே அறையில் வாடகைக்கு இருந்திருக்கின்றன.

பிறகு அந்தத் தேமல் செடி.
வெள்ளைப் பூ. ஒரு கிளையில் இலையும் வெள்ளை.
அந்தக் கிளையைத் தாயாக்கி
பச்சைச் செடியின் தூளைத் தடவினோம்.
நாற்றுகள் அத்தனையும் வெளுப்பு.
விதை கட்டிக்கொடுத்த சோறு தீரும்வரை
பன்னிரண்டு நாள் நின்றன.
பதின்மூன்றாம் நாள் நான் தட்டுகளைக் கழுவினேன்.

திருப்பிச் செய்தோம்.
தாய், சிவப்புப் பூக்கும் பச்சைச் செடி;
தகப்பன், அந்த வெளிறிய கிளை.
எல்லாம் பச்சை. இலையின் நிறம் தாய்வழிச் சொத்து.
ரெகுலா பேரேட்டில் எழுதினாள்:
தகப்பன் – தடயமில்லை.

நானும் ஒரு தகப்பன்தான்.
வெள்ளிதோறும் ரயிலேறி
பாசலில் தாயோடிருக்கும் மகளைப் பார்த்துவருபவன்.
ஒன்றும் சொல்லவில்லை,
சாமணத்தைச் சாராயத்தில் தோய்த்துத் துடைத்தேன்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளி.
பையைத் தோளில் போட்டபோது மணி நாலேகால்.
அந்தப் பச்சைப் பிள்ளைகள்
முதன்முறையாக வாய் திறந்திருந்தன.
தாய் சிவப்பு.
பிள்ளைகள் ரோஜா, ஒன்றுவிடாமல்.

நாலரை ரயில் போய்விட்டது.
பேரேட்டை எடுத்து, ரெகுலாவின் எழுத்துக்கு நடுவில்
இடுக்கி ஒரு சொல் சேர்த்தேன்:
தகப்பன் – இலையில் தடயமில்லை.