கருத்த குழாய்

அட்டகாமாவில் விடிகாலை மூன்று மணி.
விரல்நுனி வெட்டிய கையுறையோடு
நயாதெத் திரையைத் துழாவுகிறாள்:
ஹைட்ரஜன் கோடு இருக்கவேண்டிய இடம்
வெறுமனே கிடக்கிறது.
கருவியில் கோளாறோ என்று
இரண்டு முறை பார்த்தாயிற்று.
கோளாறில்லை.

போர்த்தியிருந்ததையெல்லாம்
தானே ஊதித் தள்ளிவிட்டது அந்த விண்மீன்.
நொடிக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் காற்று.
மிஞ்சியது நம் சூரியனில் பாதி அகலம்கூட இல்லை;
எரிவதோ இரண்டு லட்சம் டிகிரி.
இனி ஆயிரமோ ஈராயிரமோ வருஷம்தான்,
வெடித்துவிடும்.

சூப் கொண்டுவந்த எலெயுதேரியோ
"எங்கே, காட்டு" என்கிறார்.
வெளியே வந்தார்கள். குளிர் பல்லைக் கிட்டியது.
"அதோ, தனுசுக்குள். ஆனால் தெரியாது.
அதன் ஒளி ஏறக்குறைய முழுக்கப் புற ஊதா,
நம் கண்ணுக்கென்று வந்ததில்லை."

சிரிப்பார் என்று நினைத்தாள்.
அவர் சட்டைக்கையைச் சுருட்டினார்.
தாமிர உலையில் இருபத்தோரு வருஷம்.
"செக்கச்செவேல் என்று ஓடிய குழம்பு
என்னை ஒருநாளும் தொட்டதில்லை.
பார்த்ததுமே விலகிவிடுவோமே.
இது..."
முழங்கையில் சுருங்கிய தோல்.
"சும்மா கருப்பாய்க் கிடந்த ஒரு குழாய்."

உள்ளே சூப் ஆறுகிறது.
இருவரும் தனுசைப் பார்க்கிறார்கள்,
ஒன்றுமே இல்லாத அந்த இடத்தை,
கொஞ்சம் தள்ளி நின்று.