மொய் – 300

புதுவயல் அரிசி ஆலை எடைமேடையில் எனக்கு வேலை.
பாரம் ஏற்றிய லாரியில் வெறும் லாரியைக் கழித்தால் நெல்.
சனிக்கிழமை ராத்திரி
தவிட்டுக் கொட்டகையில் ரம்மி.

முந்நூறு ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.
போகும் முன்பே நோட்டில் எழுதிவிடுவேன்:
மொய் – 300.
யாருக்கு என்று எழுதுவதில்லை.
மொய் எழுதியவன்
அன்றைக்கே திரும்பி வருமென்று
பந்தியில் காத்திருப்பானா?

நாலு வருடம் இப்படி.
தோற்றால் சைக்கிள், சோறு, தூக்கம்.
டிராக்டரையே அடகு வைத்த சேவுகன்
‘உனக்கு ரத்தமே ஓடாதாடா’ என்பான்.
ஓடும்.
முன்னாடியே எழுதியாகிவிட்டது, அவ்வளவுதான்.

போன ஆடியில் ஒரு ராத்திரி
கேட்ட சீட்டெல்லாம் வந்தது.
ஜோக்கர் கூப்பிடாமல் வந்தது.
பதினோராயிரத்து நானூறு.
நோட்டைத் திறந்தேன், எந்தப் பக்கம் எழுத?
மொய் திரும்ப
என் வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லையே.

அழகுமீனாளிடம் சொல்லவில்லை.
விடிவதற்குள் அவளுக்குக் கொலுசு,
மோட்டாருக்குப் புதுக் காயில்,
கண்டனூர் ரோட்டில் ஒன்றரை சென்ட்
எல்லாம் வாங்கி முடித்திருந்தேன்,
படுத்தபடியே.

அடுத்த சனிக்கிழமை முந்நூறு போதவில்லை.
அதற்கடுத்த சனிக்கிழமை
போதவில்லை என்பதும் போதவில்லை.

பணம் வந்த வழியே போயிற்று, அது வலிக்கவில்லை.
கொலுசுதான்.
வாங்காத கொலுசு
அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடக்கிறது.
அவள் திரும்பிப் பார்த்து
‘என்ன’ என்கிறாள்.

இன்றைக்கு முந்நூறை மொய்யில் எழுதியாயிற்று.
கொலுசை எதில் எழுதுவது என்று
லாரிக்காரன் ஹாரன் அடிக்கும்வரை
பேனாவைத் திறந்தே வைத்திருந்தேன்.