காரம்

காஜா நஜ்முதீன் மூன்றாம் முறையாக அழைக்கிறார்.
"வாடையே இல்லம்மா. கண்ணு பளபளன்னு இருக்கு.
இந்தச் சூரையில என்ன குறை?"

ஜூரோங் மீன் துறைமுகத்துக்குப் பக்கத்தில்
இரண்டாம் மாடி. காலை நாலே முக்கால்.
அறிக்கையில் அடித்த சொல்லைப் படித்துக் காட்டுகிறேன்:
கார்பாக்சில் நீக்கம்.

"நீக்கமா? யாரை?"

வேலைநீக்கம் அவருக்குத் தெரியும்.
போன வருடம் மருமகனுக்கு வந்தது,
ஒரே மின்னஞ்சல், இரண்டு பத்தி.
இது அந்த நீக்கம் இல்லை என்கிறேன்.
பிறகு, கொஞ்சம் அதுதான் என்கிறேன்.

மீன் தசையில் ஹிஸ்டிடின் என்றோர் அமிலம்.
அதன் ஓரத்தில் ஒரு கொத்து:
ஒரு கரி, இரண்டு ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன்.
அதற்கு அமிலம் என்று பெயர் வந்ததே
அந்தக் கொத்தால்தான்.
வெயில் பட்டால் பாக்டீரியா வந்து
கொத்தைக் கழற்றிவிடும்.
கரியமில வாயு வெளியேறும், நம் மூச்சைப்போல.
ஹைட்ரஜன் மட்டும் போக மனமின்றித் தங்கிவிடும்.
மிச்சத்துக்கு வேறு பெயர்.
ஹிஸ்டமின்.

நமக்குப் பழகிய கணக்கு வேறு.
மாவு புளித்தது, மோர் புளித்தது,
கேட்ட பேச்சே கேட்டால் அதுவும் புளித்தது.
கெடுவது என்றால் புளிப்பு வந்து சேர்வது.
இங்கே புளிப்பு போய்க் கெடுகிறது.

போனபின் நிற்பது காரம்.
பாடப் புத்தகத்துக் காரம்,
லிட்மஸ் தாளை நீலமாக்கும் காரம்.
ஆனால் தின்றவர் சொல்வதும் அதேதான்:
"மிளகாயே போடல, நாக்கு எரியுது."
தமிழ் சில நேரம்
தெரியாமலே சரியாகச் சொல்லிவிடும்.

"பொரிச்சா போயிடுமா?"
போகாது.
"இன்னும் ஐஸ் போட்டா?"
இனி வருவது குறையும். வந்தது போகாது.

அவர் பக்கம் ஒரு லாரி
பீப் பீப்பென்று பின்வாங்குகிறது.
"உட்லண்ட்ஸ் பாலத்துல மூணரை மணி நேரம்.
டீசல் மிச்சம் பண்ண குளிர்ப்பெட்டியை அணைச்சிருக்கான்"
என்கிறார். என்னிடம் அல்ல.

என் கருவிக்கு அதெல்லாம் தெரியாது.
எண் ஒன்று தரும்: நானூற்றுப் பதினேழு.
படிவத்தில் காரணம் என்றொரு கட்டம்.
பாக்டீரியா என்று நிரப்புகிறேன்.
டீசலுக்கு அதில் இடமில்லை.

ஏழு மணிக்கு சியூ ஹூன்
மீன் பீஹூன் இரண்டு பொட்டலம் வாங்கி வந்தாள்.
முதல் வாயிலேயே சுள்ளென்றது.
கரண்டி அந்தரத்தில் நின்றது.

"வெள்ளை மிளகு, லா" என்றாள்,
என் முகத்தைப் பார்த்து.

பீஹூனைத் தின்று முடித்தேன்.
மீன் துண்டுகள் ஓரத்தில்.