ஒரு சாண் நாடா

போலுங்கார்விக் மீன் ஆலையில்
ஜனவரியின் முதல் வேலைநாள்
நாடா கிழிக்கும் சத்தத்தோடு தொடங்கும்.
தொட்டிகளில் தேதி ஒட்டும் அதே மஞ்சள் நாடா;
ஆளுக்கு ஒரு சாண்.
ஆண்டு முழுக்க உடன் வர ஒரு சொல்லை எழுதி
அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிக்கொள்ள வேண்டும்.
யார் தொடங்கிவைத்தது என்று யாருக்கும் தெரியாது.
கண்காணிப்பாளர் ஹாஃப்லிதி மட்டும்
தான்தான் என்பார்.

இந்த ஆண்டு அவர் எழுதியது "முழங்கால்."
ஏப்ரலில் அறுவை சிகிச்சை.
"இதுவும் முன்னேற்றம்தானே" என்றார், நொண்டியபடி.
போலந்துக்காரி போஷெனா
"விடாமுயற்சி"யைப் பெரிய எழுத்தில் தொடங்க,
பாதியில் கதவு தீர்ந்தது.
மிச்சத்தை விளிம்பில் மடித்து வெளிப்பக்கம் ஒட்டினாள்.
சாத்திய கதவில் இப்போது தெரிவது
வெறும் "முயற்சி."
விடா உள்ளேயே கிடக்கட்டும் என்றாள்.

என் கதவில் போன ஆண்டின் "துணிவு."
உரித்தேன். பசை போகவில்லை,
பெயின்ட் கொஞ்சம் கூடவே வந்தது.
அது வாங்கித் தந்ததைக் கணக்குப் பார்த்தால்:
பிப்ரவரிக் கடலில் ஒரு குளியல், அலறிக்கொண்டு.
சம்பள உயர்வு கேட்டேன். தரவில்லை.
மார்ச்சில் அக்கா குரோவா வந்தாள்.
பனிப்புயல் சாலையை மூடும் முன் போக வேண்டுமென்று
மேலங்கியைக் கழற்றாமலே காபி குடித்தாள்.
ஏதோ சொல்ல வந்திருந்தாள்.
கோப்பையின் காதை மூன்று முறை திருப்பினாள்.
நான் கேட்டிருக்கலாம்.
"சாலை வழுக்கும், பார்த்துப் போ" என்றேன்.
எதற்கும் அஞ்சாதவளைப் போல
பேருந்தின் பின்விளக்கு மறையும்வரை கையாட்டினேன்.

பேனா கையில். என்ன எழுத?
"பொறுமை" வேண்டாம்,
இருப்பதே அதிகம், அதில் பாதி சோம்பல்.
"மன்னிப்பு" என்று மனதுக்குள் எழுதிப் பார்த்தேன்;
ஈரம் பட்டால் முதலில் உரிந்து விழுவது அதுதான்.
"ஒளி" என்று எழுதக் கை போனது.
மலைக்குப் பின்னால் போன சூரியன்
இன்னும் மூன்று வாரம் வராது.
வராததற்கு ஒரு பெயர்ப்பலகை எதற்கு?
பெயர்ச்சொற்களெல்லாம் அலமாரிக்குள்
சட்டை மாதிரி தொங்குகின்றன.
எனக்கு வேண்டியது கையைப் பிடித்து இழுக்கிற ஒன்று,
ஓர் ஏவல்.

மணி அடித்தது.
கையுறை மாட்டும் அவசரத்தில்
இரண்டே எழுத்து எழுதினேன்:
இரு.

போஷெனா எட்டிப் பார்த்தாள்.
"இவ்வளவுதானா, ஸ்டெய்னுன்?
முக்கால் சாண் மிச்சம் கிடக்கிறது."

முதல் வாரம் அது ஒன்றும் செய்யவில்லை.
கத்தியும் காட் மீனும் பழையபடி.
இடைவேளையில் தொலைபேசியை எடுத்தேன், வைத்தேன்.
இருந்தேன்தான்,
நாற்காலி இருப்பதைப் போல.

சூரியன் திரும்பிய ஞாயிறு
தெரு முழுக்க பான்கேக் வாசனை.
குரோவா வந்தாள், அதே மேலங்கியோடு.
ஜன்னலில் வெளிச்சம் எட்டு நிமிடம் நின்றது;
அதைப் பற்றியே அரைமணி நேரம் பேசினோம்.
கோப்பையின் காது திரும்பியது.
பிறகு எழுந்து
இடக்கைக் கையுறையை மாட்டினாள்.
என் வாயில் "பார்த்துப் போ" தயாராக இருந்தது,
எத்தனையோ ஆண்டுப் பழக்கம்.

"இரு" என்றேன்.
கரகரத்து, அதட்டல் போல வந்து விழுந்தது.
அவள் திகைத்து நிற்க,
"பால் இன்னும் இருக்கிறது" என்று சேர்த்தேன்.

பால் இல்லை.
காலிப் பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவே
மேசைமேல்தான் கிடந்தது.
அவள் அதைப் பார்த்தாள்.
உட்கார்ந்தாள்,
ஒரு கையில் கையுறையோடு.