பின் பம்பருக்குக் கீழே

பழைய சைலன்சர்கள் உப்புக்குப் போயின.
ஆஷ்டபுலாவில் எல்லாமே உப்புக்குத்தான் போகும்:
தூக்குப்பாலத்தின் கம்பி,
நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் படி,
என் கமாரோவின் வயிறு.
நவம்பரிலிருந்து ஏரிக்காற்று பனியைக் கொட்டும்.
பனிமேல் நகராட்சி உப்பைக் கொட்டும்.
மார்ச்சில் இரண்டும் சேர்ந்து கணக்குக் கேட்கும்.

புதியவை பெட்டியில் வந்தன.
இருநூற்று நாற்பது டாலர், தபால் செலவு தனி.
சைலன்சர் என்று பெயர்;
சத்தத்துக்காக வாங்கினேன்.
தாளைப் பிரித்ததும்
சமையலறை விளக்கு இரண்டாகி
மேசைமேல் உட்கார்ந்துகொண்டது.
மெருகேற்றிய எஃகு. அசல் எவர்சில்வர்.

மாட்டிய பிறகுதான் உறுத்தியது.
கறுத்த வண்டிக்கு அடியில் அவை இரண்டும்
எழவு வீட்டுக்கு
ஜிமிக்கி ஆட்டிக்கொண்டு வந்தவர்கள்போல.

எதிர்வீட்டு ருஸ்னாக் வேலியோரம் நின்று சொன்னான்:
"கறுப்படி, வெர்னா.
நல்ல சைலன்சர் காதில் படணும்,
கண்ணில் படக்கூடாது."
உதிரிபாகக் கடை டெல்ஃபீன்
கல்லாவை மூடாமலே சொன்னாள்:
"காசு கொடுத்ததே பளபளப்புக்கு.
காசுக்கா கறுப்படிக்கப் போறே?"
தங்கை மர்லிஸ் போனில் கொட்டாவி விட்டாள்:
"அதையெல்லாம் யார் குனிஞ்சு பார்க்கப் போறா?"

யார் பார்ப்பார்கள்?
சிவப்பு விளக்கில் எனக்குப் பின்னால் நிற்கிறவர்கள்.
ருஸ்னாக்கின் நாய்.
பிறகு,
மளிகைக் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப்
பத்தடி போனதும்
சாவியைத் தேடுவதுபோல் நின்று
திரும்பிப் பார்க்கிற ஒருத்தி.
ஐம்பத்து மூன்று வயதில்
இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கூச்சம்தான்.

பெயின்ட் டப்பாவின் முதுகில் எழுதியிருந்தது:
அறுநூறு டிகிரி வரை தாங்கும்.
வழவழப்பில் ஒட்டாது.
முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும்.
(இந்த ஊரில் உப்பு விட்டபாடில்லை.)

இதை யாரும் சொல்லவில்லை எனக்கு.
அடித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால்
சுரண்டிவிடலாம் என்றிருந்தேன்.
பெயின்டைச் சுரண்டலாம்.
கீறலைச் சுரண்ட முடியுமா?
ஒட்ட வேண்டுமானால்
முதலில் கீறிக்கொள்ள வேண்டுமாம்.
இரண்டு கல்யாணம் பண்ணிய எனக்கு
டப்பா வந்து சொல்ல வேண்டியிருந்தது.

சனிக்கிழமை வண்டியைத் தூக்கி நிறுத்தி
அட்டை விரித்து அடியில் படுத்தேன்.
கையில் நானூறாம் நம்பர் தாள்.
மேலே என் முகம்:
மூக்கு தோணி அகலம், நெற்றி பட்டாணி அளவு.
அதற்கு அந்தப்பக்கம்,
என்ஜினிலிருந்து குழாய் வந்து சேரும் முனையில்
வைக்கோல் நிறம் ஒரு வளையம்,
அதையடுத்துக் கத்தரிப்பூ,
விளிம்பில் மயில்கழுத்து.
ஒரேயொரு ஞாயிறுதான் ஓட்டியிருந்தேன்,
ஏரிக்கரை வரை, ஒரு ஐஸ்கிரீமுக்கு.
எவர்சில்வராம்.
எவர் கண்டது?
ஊரெல்லாம் நான் யோசனை கேட்டுக்கொண்டிருந்தபோது
சூடு தன்பாட்டுக்கு
வண்ணமடிக்கத் தொடங்கியிருந்தது.

நாடா ஒட்டினேன், நடுவில், கோணல்மாணலாக.
தெருவுக்குத் தெரிகிற பாதியைத் தேய்த்தேன்.
முதல் இழுப்புக்கு மனசு கூசியது.
பத்தாவதுக்குக் கைவலி மட்டும்.
மூன்று பூச்சு கறுப்பு.
வண்டியின் அடித்தகட்டைப் பார்த்தபடி இருக்கும்
மேல்பாதியைத் தொடவில்லை.
அது நீலமாகட்டும், மஞ்சளாகட்டும்,
அங்கே யாரும் சிவப்பு விளக்கில் நிற்பதில்லை.

ஞாயிறு காலை சாவியைத் திருப்பினேன்.
சூடேற ஏறப் புதுப் பெயின்ட் புகைந்தது,
தீய்ந்த தோசைக்கல்லும் மருத்துவமனையும் கலந்த வாடை.
ருஸ்னாக் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு
செருப்பில்லாமல் ஓடி வந்தான்.

"எரியுதா?"
"இல்லை, இறுகுது."
"அப்போ கறுப்படிச்சிட்டே!"
"பாதி."
"எந்தப் பாதி?"

ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தேன்.
எதிர்வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்தன.
ருஸ்னாக் ஏதோ சொன்னான், வாய் அசைந்தது.
குழாயை மட்டும்
இன்னும் கீழே போடவில்லை.