நூற்றுப் பதினேழாவது கண்

குப்பிளானில் எனக்கு நாலு பரப்பு.
மிளகாய்க்கு இந்த முறை சொட்டு நீர்.
பின்னேரம் கிணத்தை எட்டிப் பார்த்தேன்:
ஆடியில் வெளியே தெரியும் அடிக்கல்லு
இன்னும் தண்ணிக்குள்ளே.
நாக்கில் வைத்தேன். உவர் இல்லை.

புல்லும் குறைவு. டீசலில் மிஞ்சினதை
வங்கிக்குக் கட்டுகிறேன்,
குழாய் வாங்கின கடன்தான்.

ஆனால் எங்கள் தண்ணி
சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடந்த தண்ணி.
கறுத்தக் குழாயின் கண்ணெல்லாம்
வெள்ளை பூத்து அடைக்கும்.
எந்தக் கண் என்று
வாடின கன்றுதான் சொல்லும்,
அதுவும் இரண்டு நாள் பிந்தி.
தையல் ஊசியோடு குந்தியிருக்கிறேன்.
அணில் கடித்த இடங்கள் வேறு கணக்கு.

தண்ணி மாற வருகிற தெய்வேந்திரம்
றோட்டில் சைக்கிளை நிறுத்தினான்.
கரியரில் மண்வெட்டி.
"அக்கா, இண்டைக்கு இறைப்பு இல்லையோ?"
குழாயைக் காட்டினேன்.
ஒரு சொட்டு விழும் வரை பார்த்தான்.
பிறகு அடுத்ததுக்கும் நின்றான்.
"பாத்தி எப்ப நிரம்பும்?"

நிரம்பாது என்று சொல்ல வாய் வரவில்லை.
ஊசியை அவனிடம் நீட்டுவோமா?
நான் மிச்சம் பிடித்ததில் பாதி
அவன் கூலி.

சைக்கிள் சத்தம் ஒழுங்கை திரும்பிப் போய்விட்டது.
நூற்றுப் பதினெட்டு.